பழைய தில்லியில் ஹவேலி ஹோட்டல்: முதல்முறை தங்குபவர்களுக்கு

தில்லிக்கு வரும் தமிழர்களுக்குத் தங்கும் இடம் என்றால் சில பெயர்கள் பழகிப் போயிருக்கின்றன. கரோல்பாக்கில் ஒரு ஹோட்டல், பஹாட்கஞ்சில் ஸ்டேஷனை ஒட்டி ஒரு லாட்ஜ், இல்லையென்றால் மயூர் விஹாரிலோ ஆர்.கே.புரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீடு. இப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் புதிதாக ஒன்று கேட்கிறார்கள்: "பழைய தில்லியில் ஹவேலியைப் புதுப்பித்து ஹோட்டலாக்கி இருக்கிறார்களாமே, அங்கே தங்கலாமா?"

ஹவேலி என்றால் வடக்கே வசதியான குடும்பங்கள் முற்றம் வைத்துக் கட்டிய பழைய பெரிய வீடு. தாராளமாகத் தங்கலாம். தில்லியிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள்கூடக் கல்யாண நாளுக்கு அங்கே போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறார்கள். ஆனால் சாதாரண ஹோட்டலில் ரூம் போடுகிற மாதிரி இதைப் போட்டால் ஏமாற்றம் வரும். புதிதாகக் கட்டிய ஹோட்டலில் இரண்டாவது மாடி அறைக்கும் மூன்றாவது மாடி அறைக்கும் வித்தியாசம் கிடையாது. ஹவேலி ஒரு கூட்டுக் குடும்பம் வாழ்ந்த வீடு. பெரியவர் விருந்தாளிகளைப் பார்த்த கூடம், பெண்கள் புழங்கிய உள்கட்டு, மூட்டை அடுக்கிய அறை, மாடியில் பிள்ளைகள் படுத்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. இன்றைக்கு அத்தனையும் 'ரூம்'. ஒரே கட்டடத்தில் ஒருவர் சொர்க்கத்தில் தூங்கியிருப்பார், பக்கத்து அறைக்காரர் வெளிச்சமே இல்லை என்று புலம்பியிருப்பார். இருவர் சொன்னதும் உண்மைதான். அதனால் இந்த வகை இடத்தில் ஹோட்டல் பெயரைவிட எந்த அறை என்பதுதான் முக்கியம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எந்தக் கட்டடம்?

'ஹெரிடேஜ்' என்று பலகை மாட்டுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. நேற்று கட்டிய கட்டடத்தில் இரண்டு வளைவும் ஒரு பித்தளை விளக்கும் வைத்துவிட்டு அப்படி எழுதிக்கொள்கிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஹோட்டல் என்று வகைப்படுத்தித் தரும் அங்கீகாரத்துக்கு ஒழுங்கான வரையறை உண்டு: கட்டடம் 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும், தரைப்பரப்பில் பாதியாவது அந்தப் பழைய பகுதியாக இருக்க வேண்டும், குறைந்தது 5 அறைகள் வேண்டும். எல்லா நல்ல இடங்களும் இந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பதில்லை, சரி. ஆனால் "எந்த ஆண்டு கட்டியது, யாருடைய வீடு, எப்போது புதுப்பித்தீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மையிலேயே பழைய வீட்டை மீட்டெடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். பதிலில் மழுப்பல் இருந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

தில்லியில் பழைய பெரிய ஹோட்டல்களும் உண்டு. சிவில் லைன்ஸில் 1903இல் தொடங்கிய மெய்டன்ஸ், ஜன்பத்தில் 1930களின் இம்பீரியல். அவை முதலிலிருந்தே ஹோட்டலாகக் கட்டப்பட்டவை, அழகானவை. ஆனால் நாம் பேசுவது அவற்றைப் பற்றி இல்லை. இது வீடாக இருந்து, பாழடைந்து, மறுபடி எழுந்த கட்டடம். அறைகள் பத்துப் பதினைந்துக்குள் இருக்கும். ஒவ்வொரு அறையையும் தனியாக யோசித்து வடிவமைத்திருப்பார்கள்.

இந்த வகையில் பழைய தில்லியில் அதிகம் அறியப்பட்டது ஹவேலி தரம்புரா. ஜாமா மசூதிக்கும் கினாரி பஜாருக்கும் இடைப்பட்ட சந்துகளில், கலி குலியானில் இருக்கிறது. 1887இல் கட்டிய வீடு. சாந்தினி சௌக் தொகுதியின் எம்.பி.யாகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த விஜய் கோயலின் குடும்பம் வாங்கி, ஆறு ஆண்டுகள் வேலை செய்து 2016இல் திறந்தார்கள். அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. 2017இன் அதே பட்டியலில்தான் நம் ஸ்ரீரங்கம் ரங்கநாதசுவாமி கோயிலின் திருப்பணிக்கும் விருது கொடுத்தார்கள். அந்த விருது ஆடம்பரத்துக்குக் கொடுப்பதில்லை, பழைய முறையைப் புரிந்துகொண்டு செய்த பழுதுக்குக் கொடுப்பது. ஓர் இடத்தை எடைபோட நட்சத்திரங்களைவிட இது நல்ல அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை பெரிய பழைய நகரத்தில் இப்படி நாலைந்து இடங்கள்கூடத் தேறுவது ஏன் கஷ்டம் என்று கேட்பார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பல பிரபுக் குடும்பங்கள் சிதறின. 1947 பிரிவினையில் வீடுகள் இன்னொரு முறை கைமாறின. ஒரு ஹவேலிக்கு இருபது வாரிசு, முப்பது வாடகைதாரர், கீழே கோடவுன். எல்லாரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது கட்டடத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் பெரிய வேலை. அதனால்தான் மீண்டு வந்த ஒவ்வொரு வீடும் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

எந்த அறை?

இங்கே அவசரப்படாதீர்கள். புக்கிங் தளத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை ஹோட்டலுக்கே போன் செய்து பேசுங்கள்.

ஜன்னல் எங்கே திறக்கிறது என்பது முதல் கேள்வி. ஹவேலி வெளியே முகம் காட்டாத வீடு. தெருப்பக்கம் கனத்த சுவர், உள்ளே முற்றம், எல்லா அறையும் முற்றத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடும். முற்றம் பார்த்த அறையில் வெளிச்சம் மென்மையாக வரும், அழகும் அதிகம். ஆனால் அந்த முற்றத்திலேயே ரெஸ்டாரண்ட் நடந்தால், இரவு பத்து மணிவரை தட்டுச் சத்தமும் பாட்டும் உங்கள் கட்டிலுக்கு வரும். நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த இடத்தில் சத்தம் மேலேதான் ஏறும். திரையை விலக்கினால் எதிர் அறைக்காரருக்கு நீங்கள் தெரிவீர்கள். வெளிச் சந்துப் பக்கம் பார்த்த அறையில் ஜரோக்கா எனப்படும் தொங்கு மாடம் இருக்கலாம். அதில் உட்கார்ந்து கீழே போகும் உலகத்தைப் பார்ப்பது ஒரு சுகம், மறுக்கவே முடியாது. கூடவே விடியற்காலை பாங்கு ஓசையும், கைவண்டிகளும், ரிக்‌ஷா மணியும் உண்டு. வெளி ஜன்னலே இல்லாத அறைகளும் இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது மாடி. இதில் பருவம்தான் தீர்மானிக்கும். மே, ஜூனில் மேல்மாடி அறையின் கூரை பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் படுக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். அப்போது கீழ்த் தளமோ முதல் மாடியோ நல்லது. டிசம்பர், ஜனவரியில் நேர்மாறு. கீழ்த் தளம் வெயில் படாமல் சில்லென்று கிடக்கும். வெப்பநிலை இரவில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும் ஊர் இது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அது விளையாட்டில்லை. அந்த மாதங்களில் மேல்மாடியில் வெயில் விழும் அறையைக் கேளுங்கள், அறைக்குள் ஹீட்டர் உண்டா என்றும் கேளுங்கள். ஏசியில் சூடு வருமா, தனி ஹீட்டரா என்பதுவரை கேட்டுவிடலாம்.

படிக்கட்டு மூன்றாவது. பழைய வீடுகளின் படிகள் குறுகல், உயரம் அதிகம், பிடிப்பதற்கு ஒரு பக்கக் கயிறோ கம்பியோதான் இருக்கும். சில இடங்களில் லிப்ட் வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் கட்டடத்தைக் குடைய மனமில்லாமல் வைக்கவில்லை. என் அத்தைக்கு முழங்கால் வலி. அவருக்காக விசாரிக்கும்போது நான் முதலில் கேட்பது, "ரிசப்ஷனிலிருந்து கட்டில்வரை மொத்தம் எத்தனை படி?" என்பதுதான். "முதல் மாடி மேடம், கஷ்டமே இல்லை" என்ற பதில் போதாது. படி எண்ணிக்கை வேண்டும். "அத்தை, இருபத்திரண்டு படி ஏறணும், பரவாயில்லையா?" என்று கேட்டால் அவரால் முடிவு சொல்ல முடியும். வாசல்படிகளும் உயரம், நிலைகள் தாழ்வு. உயரமானவர்கள் முதல் நாளே ஒருமுறை நெற்றியில் வாங்கிக்கொள்வார்கள்.

குளியலறையை மறக்கக் கூடாது. இந்த வீடுகள் கட்டும்போது அறைக்குள் குளியலறை என்ற வழக்கமே இல்லை. இருப்பது எல்லாம் பின்னால் சேர்த்தது. பழைய தரையை உடைக்காமல் குழாய் போக வேண்டுமென்பதால் குளியலறைத் தரை ஒரு படி உயரத்தில் இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும் பெரியவர்களுக்கு அந்த ஒரு படிதான் ஆபத்து. கீஸர் எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். சின்ன கீஸரென்றால் நாலு பேர் குடும்பம் இடைவெளி விட்டுத்தான் குளிக்க வேண்டும்.

இத்தனையும் கேட்டு முடித்ததும் ஒரு உதவி கேளுங்கள்: உங்களுக்குத் தரப்போகும் அதே அறையை வாட்ஸ்அப் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் படங்கள் அகல லென்ஸில் எடுத்தவை, பத்தடி அறை அதில் மண்டபமாகத் தெரியும். பிறகு அந்த அறையின் பெயரையோ எண்ணையோ போட்டு உறுதி செய்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். வகையின் பெயர் மட்டும் இருந்தால் வேறு அறை கொடுக்க வாய்ப்பு உண்டு.

போனில் இந்தியில்தான் பேச வேண்டி வந்தால் இரண்டு வாக்கியம் போதும். "கம்ரே கி கிட்கி பாஹர் குல்தி ஹை யா ஆங்கன் மே?" என்றால் ஜன்னல் வெளியே திறக்கிறதா, முற்றத்திலா என்று கேட்டதாகும். "சீடியான் கித்னி ஹை?" என்றால் எத்தனை படி. மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

பணக் கணக்கு

அக்டோபர் முதல் மார்ச் வரை விலை ஏறும், வெயில் காலத்தில் நன்றாக இறங்கும். ஜிஎஸ்டியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,800 ரூபாய் அறைக்கும் கையை விட்டுப் போகும் பணத்தில் ஏறக்குறைய 1,400 ரூபாய் வித்தியாசம் வரும். எல்லைக்குப் பக்கத்தில் விலை இருந்தால் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் குறைத்துத் தருவதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. காலை உணவு சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

போய்ச் சேர்வது

பழைய தில்லியின் சந்துகளுக்குள் கார் வராது. சாந்தினி சௌக் பிரதான சாலையில் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபுரி மசூதி வரை காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கே அனுமதியில்லை, சைக்கிள் ரிக்‌ஷா மட்டும் போகும். கேப்காரர் உங்களைக் கொண்டுபோய் எங்கேயோ ஓரமாக இறக்கிவிட்டு, "இங்கேதான், உள்ளே நடந்து போங்கள்" என்பார். கூகுள் வரைபடம் கடைசி இருநூறு அடியில் குழம்பிவிடும். மேலே மொட்டை மாடியும் கீழே சந்தும் அதற்கு ஒரே இடம்தான்.

ஆகவே மெட்ரோதான் சௌகரியம். விமான நிலையத்தின் மூன்றாவது டெர்மினலிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் புதுதில்லி நிலையம் சுமார் இருபது நிமிடம். அங்கே மஞ்சள் லைனுக்கு மாறினால் சாவ்ரி பஜார், அடுத்து சாந்தினி சௌக். தரம்புரா பக்கம் என்றால் வயலட் லைனில் ஜாமா மசூதி நிலையம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. எந்த நிலையம், எத்தனையாவது கேட் என்று ஹோட்டலிலேயே விசாரித்து, அந்த வாசலுக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாரும் அனுப்புகிறார்கள். பெண்கள் தனியாக வந்தால் முதல் நாள் இருட்டுவதற்கு முன் சேர்ந்துவிடும்படி திட்டமிடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் கடைகள் மூடியதும் சந்துகள் வெறிச்சோடும். புதிதாக வருகிறவருக்கு எந்தத் திருப்பம் எது என்று புரியாது. மறுநாள் அதே வழி பழகிவிடும்.

பெட்டி விஷயத்தில் கறாராக இருங்கள். நாலு சக்கரப் பெட்டி கல் பாவிய சந்தில் உருளாது. மழைக்காலத்தில் சேறும் சேரும். முதுகில் மாட்டும் பையோ, தோளில் தூக்கக்கூடிய பையோ மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய பெட்டியைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் காலையிலேயே புதுதில்லியில் இறங்கிவிடுவார்கள், ஹோட்டல் செக்-இன் மதியம்தான். முன்கூட்டியே சொன்னால் முந்தைய இரவு காலியாக இருந்த அறையைக் காலையில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் குளித்து உடை மாற்ற ஓர் இடமாவது கிடைக்கும். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டு அதைக் கொடுக்கலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்குவதை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது ஹோட்டலின் சட்டக் கடமை.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பையைப் பிரிக்காதீர்கள். சுடுதண்ணீர் வருகிறதா, ஜன்னல் கொக்கி விழுகிறதா, கதவு உள்ளிருந்து தாழ் ஆகிறதா என்று பாருங்கள். பழைய மரக்கதவில் பழைய தாழ்ப்பாளையே வைத்திருப்பார்கள். அது அழகுதான், ஆனால் இன்னொரு உறுதியான பூட்டும் இருக்க வேண்டும். போனில் சிக்னல் பாருங்கள். அரை மீட்டர் தடிமன் சுவருக்குள் சிக்னலும் வைஃபையும் தடுமாறும். அலுவலக வேலை இருக்கிறவர்கள் எந்த மூலையில் கிடைக்கிறது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சின்னக் குழந்தைகள் கூட இருந்தால் முற்றத்தைச் சுற்றியுள்ள நடையின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று நீங்களே நின்று பாருங்கள். பழைய அளவில் அது தாழ்வாக இருக்கும். குரங்குகள் வரும் ஊர் என்பதால் வெளியே போகும்போது ஜன்னலைச் சாத்திவிட வேண்டும்.

ஏதாவது சரியில்லை என்றால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் சொன்னால் அறை மாற்றுவது சுலபம். ராத்திரி சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டைப் பார்ப்பது

இத்தனை விசாரிப்பும் இதற்காகத்தான். நிறைய பேர் அறையில் பையை வைத்துவிட்டு நேராகச் செங்கோட்டைக்குக் கிளம்பி, இரவு வந்து படுத்து, காலையில் காலி செய்துவிடுகிறார்கள். கொடுத்த காசில் பாதி அந்தக் கட்டடத்துக்குத்தான் கொடுத்திருக்கிறோம்.

வாசலில் தொடங்குங்கள். பெரிய கதவுக்குள் ஆள் மட்டும் குனிந்து நுழையும் சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதைத் தாண்டினால் டியோடி என்னும் நுழைவிடம். நேராக உள்ளே பார்க்க முடியாதபடி அது ஒரு வளைவு வளைந்து முற்றத்துக்குப் போகும். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வீட்டின் உள்ளே தெரியக் கூடாது என்பது கணக்கு. நம் திண்ணை வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லைவரை தெரியும். இங்கே மொத்த யோசனையே வேறு. முற்றத்தைச் சுற்றி தாலான் என்னும் வளைவுத் தாழ்வாரம். வளைவின் விளிம்பு இதழ் இதழாக மடிந்திருந்தால் அது முகலாய வழி. அதே வீட்டில் மாடிக் கம்பிகள் வார்ப்பிரும்பில் இருக்கும், கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி இருக்கும், கூரையில் இரும்பு உத்தரங்களுக்கிடையே கல் பலகை பாவியிருக்கும். 1880களில் பணம் இருந்த ஒரு தில்லி வியாபாரி இரண்டு உலகத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். எது எப்போது சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பதில் ஒரு மத்தியானமே ஓடிவிடும்.

சுவரில் பூசாமல் விட்ட பகுதி எங்காவது இருக்கும், வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்கள். அங்கே தெரிவது லக்கோரி செங்கல். இன்றைய செங்கல்லைவிடத் தடிமன் மிகக் குறைவு, மெல்லிய பலகை அளவுதான். அதை அடுக்கிப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. பழைய தில்லிக் கொத்தனார்கள் சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்த்து, உளுந்து, வெல்லம், வில்வப் பழச் சதை என்றெல்லாம் கலந்து அரைத்தார்கள். நம் பக்கம் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சாந்து அரைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

புதுப்பித்தது நல்ல வேலையா என்று கண்டுபிடிக்கவும் இந்தச் சுண்ணாம்புதான் சாட்சி. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சுவரைக் கவனியுங்கள். பழைய செங்கல் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விட்டுவிடும். செலவு குறையுமென்று மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, செங்கல்லை அரித்து, வேறு எங்கேயோ உப்பாகப் பூக்கும், பெயிண்ட் உரியும். அறையில் பூஞ்சை வாசனை வந்தால் அநேகமாகக் காரணம் இதுதான். வாசனைத் திரவியம் அடித்து மறைத்திருந்தாலும் கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தொட்டால் தெரிந்துவிடும். அதே சமயம் சுண்ணாம்புச் சுவரில் சின்ன வெடிப்பும், நிறத்தில் ஏற்ற இறக்கமும் இருப்பது குறை இல்லை. அது அப்படித்தான் இருக்கும். மின் கம்பிகள், ஏசி குழாய்கள் எல்லாம் எங்கே போகின்றன என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் யாரோ ரொம்ப யோசித்திருக்கிறார்கள். புதிய நாற்காலி, விளக்கு, துணி இவற்றில் புதுமை தெரியலாம், அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. பழையதைப் போலியாகச் செய்து பழையதோடு கலப்பதுதான் உறுத்துகிறது.

ரிசப்ஷனில் பழைய படங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை தொடங்கும் முன் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்த்தால், அந்தப் பல ஆண்டு வேலையின் அளவு புரியும்.

நேரத்தைப் பிரித்துக்கொள்வது

ஓர் இரவு போதாது, இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் மாலை எங்கும் போக வேண்டாம். நாலரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். சுற்றிலும் மாடிகளில் புறா வளர்ப்பவர்கள் விசிலடித்துக் கூட்டத்தைத் திருப்புவார்கள், ஜாமா மசூதியின் குவிமாடங்கள் தெரியும். 1656இல் கட்டி முடித்த மசூதி அது, அந்தச் செம்மணற்கல்லின் நிறம் மாலையில் மாறுவதை அங்கிருந்து பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வந்தால் வானம் முழுக்கப் பட்டம். தரம்புரா போன்ற இடங்களில் விருந்தினருக்கும் பட்டம் விட ஏற்பாடு செய்கிறார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே போங்கள். பகலில் தோள் இடிக்கும் அதே சந்துகள் அப்போது உங்களுக்கே உங்களுக்கு. கினாரி பஜாரை ஒட்டி நௌகரா என்றொரு முட்டுச்சந்து இருக்கிறது, வண்ணம் தீட்டிய வாசல்களோடு ஜைனக் குடும்பங்களின் பழைய வீடுகள். அது இன்னும் மக்கள் குடியிருக்கும் இடம், ஆகவே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வாங்க வந்தவர்களுக்கு அது நஷ்டம், கட்டடம் பார்க்க வந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் பலகைகளுக்கும் மூட்டைகளுக்கும் பின்னால் இருக்கும் செதுக்கு வேலை கண்ணில் படும். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஜாமா மசூதியில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை.

மதியம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். வெளியே கொளுத்தும்போது முற்றம் எவ்வளவு குளுமையாக இருக்கிறது என்பதை அந்த நேரத்தில்தான் உணர முடியும்.

சாப்பாடு

காலை உணவை ஹோட்டலிலும், மற்றதை வெளியிலும் வைத்துக்கொள்ளலாம். சைவர்களுக்குப் பழைய தில்லி பெரிய வரம். உளுந்து சேர்த்த பேட்மி பூரியும் உருளைக்கிழங்கு கறியும், பராட்டேவாலி கலி என்ற சந்தில் பொரித்த பராட்டா, சாந்தினி சௌக்கில் ஜிலேபி, நம் தயிர்வடை மாதிரியான தஹி பல்லா. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட், பால் நுரையில் செய்த இனிப்பு, வாயில் வைத்ததும் கரையும். அசைவம் என்றால் ஜாமா மசூதிக்கு எதிரே 1913 முதல் இருக்கும் கரீம்ஸ் பக்கம் போங்கள். மூன்றாம் நாள் வயிறு இட்லி கேட்டால், ஜாமா மசூதி நிலையத்திலிருந்து வயலட் லைனில் நாலாவது நிறுத்தம் ஜன்பத், அங்கே சரவண பவன் இருக்கிறது.

பில்டர் காபி இல்லாமல் விடியாத குடும்பமென்றால் சின்ன பில்டரும் பொடியும் கையோடு கொண்டு வாருங்கள். சூடான பால் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். அறையில் இருக்கும் கெட்டிலில் பாலைக் காய்ச்ச வேண்டாம், அடிப்பிடித்துக் கெட்டுவிடும்.

வீட்டுக்குச் செய்யும் மரியாதை

சுண்ணாம்புச் சுவரில் ஒட்டுக் கொக்கி ஒட்டாதீர்கள், எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஈரத் துணியை மரக் கைப்பிடியில் காயப் போடாதீர்கள், கொடி கேட்டால் மாடியில் காட்டுவார்கள். காலையில் விளக்கேற்றிக் கும்பிடும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. நூற்றைம்பது ஆண்டு மரமும் திரைச்சீலையும் இருக்கும் அறையில் கற்பூரம், ஊதுபத்தி வேண்டாம். முற்றத்தில் ஓர் இடம் கேளுங்கள், துளசி மாடமோ சின்னப் பூஜையிடமோ பல வீடுகளில் இருக்கும். ராத்திரி நடையில் நின்று போன் பேசாதீர்கள், முற்றம் அதை எல்லா அறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கிளம்பும் நாள்

பில்லை முந்தைய இரவே வாங்கிப் பாருங்கள். உணவு பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அந்தப் பணத்தை, சந்து முழுக்க உங்கள் பையைத் தூக்கி வந்தவர் கையிலேயே நேராகக் கொடுங்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில்தான் புறப்படுகிறது. அறையைக் காலையில் காலி செய்தாலும் பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் பகலைக் கழிக்கலாம். மாலையில் சாந்தினி சௌக்கிலிருந்து மஞ்சள் லைனில் இரண்டே நிறுத்தம் புதுதில்லி. ஆனால் அலுவலகம் விடும் நேரத்தில் மெட்ரோ வாசலில் பை சோதனை வரிசை நீளும், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் நீங்கள் நிற்பது அஜ்மேரி கேட் பக்கம், 16ஆம் பிளாட்பாரத்தை ஒட்டி. உங்கள் வண்டி ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம் நின்றால் மேம்பாலத்தில் முழு ஸ்டேஷனையும் கடக்க வேண்டும், அதற்கும் பத்து நிமிடம் தனியாக வேண்டும்.